கணக்குக் கேட்ட கண் தெரியாத மனிதர்

(நெய்வேலி நகரியத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பாராளுமன்றத்தில் கேள்வி கேட்டு என்ன கிடைத்துவிடப் போகிறது?" என்று நம் இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். "அரசியல் உங்களுக்கு, வியாபாரம் எங்களுக்கு" என்று வணிகர்கள் சொல்கிறார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் வரலாற்றிலிருந்தே பதில் சொல்ல நினைத்து வந்திருக்கிறேன். அந்த வரலாறு நம் ஆட்கள் எழுதியது மட்டும் அல்ல. நம்மை அடிமைப்படுத்தி வைத்திருந்த வெள்ளைக்காரனின் பாராளுமன்றத்தில் நடந்தது. அங்கே நமக்காகக் கேள்வி கேட்ட ஆங்கிலேயர் இருவரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். ஒருவர் நம் மண்ணுக்கு வந்து போனவர். இன்னொருவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பார்க்க அவருக்குக் கண்ணும் இல்லை.

முதலில் நம் ஊர்க் கதை.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த நெய்வேலி அன்றைக்குத் தென்னார்க்காடு ஜில்லா. கடலூரில் கலெக்டர். பூமிக்கடியில் நிலக்கரி கிடப்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் கிணற்றில் கரிய துகள் மேலே வந்த பிறகுதான் அந்தச் சங்கதி வெளியானது. 1850-களில் இங்கே இருந்தது பூமிக்கு மேலே உள்ள செல்வம் மட்டும்தான். நெல், கம்பு, கேழ்வரகு, வேர்க்கடலை. அதில் கம்பெனி சர்க்கார் தன் பங்கை ரயத்துவாரி முறையில் வசூலித்தது. இடையில் ஜமீன்தார் கிடையாது. குடியானவனும் சர்க்காரும் நேருக்கு நேர். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? நடைமுறையில் என்ன? தீர்வை கனமாக இருந்தது. அறுவடை செய்து விற்றுக் காசாக்கும் முன்பே கிஸ்தித் தவணை வந்து நிற்கும். மழை பொய்த்தாலும் தாசில்தார் பொய்க்க மாட்டார்.

இன்னொரு கொடுமையையும் கவனியுங்கள். அந்தக் காலத்துத் தாசில்தாரிடமே வரி வசூலும் இருந்தது, போலீஸ் அதிகாரமும் இருந்தது. கடன் கேட்கிறவனும் கைது செய்கிறவனும் ஒருவனே. வியாபாரிகளே, உங்களுக்குப் பாக்கி கொடுக்க வேண்டியவரின் ஊரில் போலீஸ் ஸ்டேஷன் சாவியும் உங்கள் கையிலேயே இருந்தால் எப்படி இருக்கும்? நல்லவர்கள்கூடக் கெட்டுப் போவார்கள்.

கெட்டுத்தான் போனார்கள். பாக்கி வைத்த குடியானவனைக் கொளுத்தும் வெயிலில் நிறுத்துவார்கள். குனிய வைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் இணைத்துக் கட்டுவார்கள். அதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். விரல்களை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வைத்து நெருக்குவார்கள். அது கிட்டி. ஒரு பூச்சியைத் தொப்புள் மீது விட்டுக் கொட்டாங்கச்சியால் மூடி வைப்பார்களாம். இதையெல்லாம் நான் கதையாகச் சொல்லவில்லை. சென்னை சர்க்காரே நியமித்த கமிஷனின் அறிக்கையில், 1855-ஆம் ஆண்டு அச்சாகியிருக்கிறது. ஆங்கில அறிக்கையில் நம் தமிழ்ச் சொற்களே அப்படியே ஏறி நிற்கின்றன. ஒரு மொழியின் சொல் பிற நாட்டு ஏட்டில் ஏறுவது பெருமை என்பார்கள். இப்படியும் ஏறியது.

சரி, சர்க்கார் தன் மீது தானே எப்படிக் கமிஷன் வைத்தது? அங்கேதான் ஒரு வியாபாரி வருகிறார்.

சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டி என்றொரு வணிகர். அவுரி வணிகமும் துணி வணிகமும் செய்து பொருள் சேர்த்த குடும்பம். 1844-இல் ஒரு ஆங்கிலப் பத்திரிகையை நடத்தத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'கிரெசென்ட்'. அதாவது பிறை! (நம் பத்திரிகை என்று அவசரப்பட்டுச் சொந்தம் கொண்டாட வேண்டாம். இந்து மக்களின் நலனுக்காகவும், அன்றைய மிஷனரிகளுக்கு மறுப்பாகவும் அவர் நடத்திய பத்திரிகை அது.) 1852-இல் சென்னை சுதேசிகள் சங்கத்தை அமைத்து, வரிக் கொடுமையைப் பற்றி லண்டன் பாராளுமன்றத்துக்கு மனு எழுதி அனுப்பினார். கம்பெனிக்குக் கொடுத்திருந்த சாசனம் 1853-இல் முடிகிற நேரம். அதைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து, சரியான சமயம் பார்த்து மனு போட்டார். கடை நடத்துகிறவனுக்குத்தானே எந்த மாதத்தில் எந்தச் சரக்கு போகும் என்று தெரியும்!

அப்போது லண்டனில் இந்தியச் சீர்திருத்தச் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் டான்பி சீமோர், பூல் என்ற ஊரின் பாராளுமன்ற உறுப்பினர். அவர் 1853-இல் சென்னைக்கே வந்துவிட்டார். கவர்னர் மாளிகை விருந்தோடு திரும்பியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. லட்சுமிநரசு செட்டி அவரை உள்மாவட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனார். குடியானவர்களையே அவர் முன் பேச வைத்தார். சீமோர் கேட்டார், குறித்துக்கொண்டார், கப்பல் ஏறினார்.

1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் சென்னை மாகாணத்தின் நிலத்தீர்வை பற்றி விவாதம் வந்தது. பிளாக்கெட் என்ற உறுப்பினர் தொடங்கி வைத்தார். சீமோர் எழுந்து, வரிக்காகச் சித்திரவதை நடக்கிறது என்று சொன்னார். சபையில் கம்பெனியின் ஆட்களும் இருந்தார்கள். எங்கள் ஆட்சியில் அப்படியா, இருக்கவே இருக்காது என்று மறுத்தார்கள். இந்தியாவில் பல்லாண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்தவர்களே, நாங்கள் கேள்விப்பட்டதே இல்லையே என்றார்கள். ஆனால் நேரில் போய்க் கேட்டு வந்தவனின் பேச்சை, கேள்விப்படவில்லை என்கிற பேச்சால் மூடிவிட முடியுமா? விசாரணை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

சென்னையில் மூவர் கமிஷன். எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன். மூன்று பேரும் வெள்ளையர்கள். ஜில்லா ஜில்லாவாக அறிவிப்பு ஒட்டினார்கள். வந்த புகார்கள் 1,959. அதில் 519 பேர் நேரில் வந்தவர்கள். மற்ற 1,440-ம் கடிதங்கள். ரயில் இல்லாத காலம் அது. சென்னை மாகாணத்தின் முதல் ரயில் 1856-இல்தான் ஓடியது. நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்து சாட்சி சொன்னவர்கள் அந்த 519 பேரில் உண்டு. யாருக்கு எதிராகச் சாட்சி? திரும்பிப் போனால் தன் ஊரில் அதிகாரம் செய்கிற அதே தாசில்தாருக்கு எதிராக. இந்த 519 பேரின் துணிச்சலை எண்ணிப் பாருங்கள். சீமோருக்கு லண்டனில் யாரும் கிட்டி போட்டுவிட மாட்டார்கள்.

அறிக்கை என்ன சொன்னது? சித்திரவதை நடப்பது உண்மை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் பழியை எங்கே போட்டது தெரியுமா? சேவகன் மீதும், அமீனா மீதும், தாசில்தார் மீதும் போட்டது. எல்லாரும் நம்மவர்கள். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை, மக்கள் கேட்பது தங்கள் இனத்து அதிகாரிகளிடமிருந்து பாதுகாப்பைத்தான் என்று எழுதி முடித்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கிட்டியைத் திருகிய கை நம்மவன் கைதான், மறுக்கவில்லை. அவனுக்கும் அல்லாஹ்விடம் பதில் இருக்கிறது. ஆனால் இவ்வளவு ரூபாய் இந்தத் தேதிக்குள் வந்தாக வேண்டும் என்று மேலிருந்து எழுதி அனுப்பிய கை எது? எப்படி வசூலித்தாய் என்று கேட்காமல் வந்த பணத்தை எண்ணி வாங்கிய கை எது? அந்தக் கைகளைக் கமிஷன் தொடவில்லை. எல்லாக் காலத்திலும் நடப்பது இதுதான். 2023 ஜூலையில் இதோ பக்கத்தில் மேல்வளையமாதேவியில், வளர்ந்து நின்ற நெல்வயலுக்குள் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியதை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். நிலம் எப்போதோ எடுத்தது, இழப்பீடும் கொடுத்தது என்பது ஒரு பக்கத்து வாதம். அறுவடை வரை பொறுக்கக் கூடாதா என்பது நீதிமன்றம் வரை போன கேள்வி. அந்த நாட்களில் பலருடைய கோபம் யார் மீது பாய்ந்தது? இயந்திரத்தை ஓட்டி வந்த தொழிலாளி மீது. உத்தரவு எந்த மேசையில் எழுதப்பட்டது, எந்தத் தேதியில், என்ன காரணம் காட்டி என்று தேடியவர்கள் எத்தனை பேர்? கையில் அகப்பட்டவனை அடிப்பது சுலபம். காகிதத்தைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம்.

ஆயினும் அந்தக் கமிஷனால் பலன் இல்லாமல் போகவில்லை. 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டத்தால் சென்னை மாகாணத்தில் போலீஸ் தனியாகப் பிரிக்கப்பட்டது. வரி கேட்கிற தாசில்தாரின் கையிலிருந்து லத்தி பறிபோனது. ஒரு வணிகரின் அலைச்சலும், ஓர் உறுப்பினரின் பேச்சும், 519 பேரின் நடையும் சேர்ந்து வாங்கியது அது.

சீமோரை அவுலியாவாக்க வேண்டாம். 1855-இல் இந்திய விவகாரங்களைக் கவனித்த லண்டன் கட்டுப்பாட்டு வாரியத்திலேயே அவருக்குச் செயலாளர் பதவி கிடைத்தது. கேள்வி கேட்டவருக்கு நாற்காலி போட்டு உள்ளே உட்கார வைக்கும் வித்தை அன்றும் இருந்திருக்கிறது. அவருடைய கூட்டாளிகளிலும் மான்செஸ்டர் மில்காரர்களின் நண்பர்கள் இருந்தார்கள். குடியானவன் மீது இரக்கம் பாதி, நல்ல பஞ்சு மலிவாக வர வேண்டும் என்ற கவலை பாதி. இருந்தால் என்ன? இரக்கம் எந்தப் பாதியிலிருந்து வந்தது என்று பார்த்தா கிட்டி கழன்றது?

இனி இரண்டாமவர். இவரைப் பற்றித்தான் நான் அதிகம் பேச ஆசைப்படுகிறேன்.

ஹென்றி ஃபாசெட். 1833-இல் சாலிஸ்பரி என்ற ஊரில் பிறந்தவர். இருபத்தைந்து வயதில், 1858-இல், தந்தையோடு வேட்டைக்குப் போனார். தந்தையின் துப்பாக்கிக் குண்டுச் சிதறல் மகனின் இரு கண்களிலும் பாய்ந்தது. பார்வை முற்றாகப் போயிற்று. அந்தத் தந்தையின் நிலையை நினைத்துப் பாருங்கள். மகன் அவரைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. ஐந்தே ஆண்டில், 1863-இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். 1865-இல் பிரைட்டன் தொகுதியின் உறுப்பினர். பட்ஜெட் புத்தகத்தையும் வரவு செலவு அறிக்கைகளையும் பிறர் படிக்கக் கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொள்வார். மனைவி மில்லிசென்ட் அம்மையார் படித்துக் காட்டுவார். பின்னாளில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிப் பேர் பெற்றவர் இந்த அம்மையார்தான். சபையில் குறிப்புத் தாள் இல்லாமல் எண்களை வரிசையாக எடுத்து வைப்பார் ஃபாசெட். நம் ஹாபிஸ்களை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. கண் போன பிள்ளைகள் முழுக் குர்ஆனையும் நெஞ்சில் சுமப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

1867 ஜூலையில் துருக்கி சுல்தான் அப்துல் அஜீஸ் லண்டனுக்கு வந்தார். உஸ்மானிய சுல்தான்களில் இப்படி மேற்கு ஐரோப்பாவுக்கு விருந்தாளியாகப் போனவர் அவர்தான். இங்கிலாந்து அரசாங்கம் அவருக்குப் பெரிய நடன விருந்து வைத்தது. எங்கே? லண்டனில் இந்திய அமைச்சரகத்தின் புதுக் கட்டிடத்தில். செலவு யார் கணக்கில்? இந்தியாவின் கணக்கில்!

சகோதரர்களே, அன்றைய முஸ்லிம் உலகுக்கு அவர் கலீஃபா. நம் பாட்டன்மார்கள் ஜும்ஆ மேடைகளில் துருக்கி சுல்தானுக்குத் துஆ கேட்ட காலமும் உண்டு. ஆக, நம் கலீஃபாவுக்குத்தானே விருந்து, நாம் கொடுத்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றலாம். அங்கேதான் ஏமாறக் கூடாது. விருந்து வைத்த பெருமை விக்டோரியாவின் அரசாங்கத்துக்கு. ருஷ்யாவுக்கு எதிராகத் துருக்கியைக் கையில் வைத்துக்கொள்ளும் ஆதாயமும் அவர்களுக்கே. விருந்தில் ஆடியவர்கள் லண்டன் சீமான்களும் சீமாட்டிகளும். பில் மட்டும் தென்னார்க்காட்டுக் கம்பங்கொல்லைக்காரனுக்கும் வங்காளத்துச் சணல்காரனுக்கும்! நாம் நேசிக்கிறவரின் பெயரைச் சொல்லி நம் பையிலேயே கையை விடுவது பழைய தந்திரம்.

சபையில் எழுந்து இதைக் கேட்டவர் இந்தக் கண் தெரியாத மனிதர். உழைத்துப் பிழைக்கும் இந்தியக் குடியானவன், தான் காணாத விருந்துக்கு எந்த நியாயத்தில் பணம் கொடுக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. அவருடைய கட்சிக்காரர்களில் பலருக்கே இது அற்பமாகப் பட்டது. பேரரசின் கணக்கில் ஒரு விருந்துச் செலவு எம்மாத்திரம்! கடை வைத்திருப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். கல்லாவிலிருந்து பத்து ரூபாயை ஒருவன் கேட்காமல் எடுத்தால், போனது பத்து ரூபாய்தானே என்று விடுவீர்களா? பத்து ரூபாய் எடுக்கிறவன் கல்லாவை யாருடையது என்று நினைக்கிறான் என்பதைத்தானே பார்ப்பீர்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் சட்டைத் துணிக்குக் கணக்குக் கேட்ட வரலாற்றை நம் மதரஸாப் பிள்ளைகளே சொல்வார்கள். அதை இங்கே விரிக்கவில்லை.

ஃபாசெட் அதோடு விடவில்லை. அபிசீனியப் படையெடுப்புக்கு இந்தியச் சிப்பாய்களை அனுப்பி, அவர்களின் வழக்கமான சம்பளத்தை இந்தியாவின் தலையிலேயே வைத்தார்கள். எதிர்த்தார். அரசியின் மகன் எடின்பரோ கோமகன் இந்தியா வந்தபோது ராஜாக்களுக்குக் கொடுத்த பரிசுகளின் விலையையும் இந்தியக் கணக்கில் எழுதினார்கள். அதையும் எதிர்த்தார். நம் பணத்தில் நம்மவருக்குப் பரிசு, கொடுத்த புகழ் அவருக்கு!

ஏன் இப்படி எழுத முடிந்தது என்பதுதான் முக்கியம். இங்கிலாந்தின் பணத்தைச் செலவழிக்கப் பாராளுமன்றத்தின் ஓட்டு வேண்டும். இந்தியாவின் பணத்துக்கு அந்த ஓட்டு வேண்டியதில்லை. 1858-க்குப் பிறகு இந்தியாவை ஆண்ட மந்திரியின் சம்பளம்கூட இந்திய வரிப்பணத்திலிருந்தே போனது. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இதுதான் நிலைமை. தன் தொகுதிக்காரனின் காசு ஒரு பென்னிகூடப் போகாத கணக்கை எந்த உறுப்பினர் உட்கார்ந்து பார்ப்பார்? இந்திய பட்ஜெட்டைக் கூட்டத்தொடரின் கடைசியில், ஆகஸ்ட் மாத வாக்கில், உறுப்பினர்களெல்லாம் ஊருக்குப் புறப்பட்ட பிறகு எடுப்பார்கள். கோடிக்கணக்கான மக்களின் வரவு செலவு காலி பெஞ்சுகளுக்கு முன்னால் வாசிக்கப்படும். அந்தக் காலி பெஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத ஒருவர்தான் எழுந்து பேசிக்கொண்டிருந்தார். 'இந்தியாவின் உறுப்பினர்' என்று அவருக்குப் பெயரே வந்துவிட்டது. பாதி புகழ்ச்சி, பாதி கேலி.

விடாமல் கேட்டதன் பலனாக 1871-இல் இந்திய நிதி நிலையை ஆராயத் தேர்வுக் குழு அமைந்தது. 1874 வரை சாட்சிகளை விசாரித்தது. ஃபாசெட் அதில் உறுப்பினர். இந்தியர்களின் சாட்சியத்தையும் கேட்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அந்தக் குழுவின் முன் 1873-இல் வந்து நின்றவர் பம்பாய்ப் பார்சி வணிகர் தாதாபாய் நவுரோஜி. இந்தியனின் சராசரி வருமானம் என்ன, அவனிடமிருந்து பிடுங்குவது என்ன, அதில் கப்பலேறிப் போவது என்ன என்று கணக்குப் போட்டவர். மறுபடி பாருங்கள், ஒரு வியாபாரி.

1874 தேர்தலில் பிரைட்டனில் ஃபாசெட் தோற்றார். இந்தியாவைப் பற்றியே பேசுகிறார் என்ற முணுமுணுப்பு அவருடைய தொகுதியில் இருந்தது. அது தோல்விக்கு எவ்வளவு காரணம் என்று அளந்து சொல்ல முடியாது. ஆனால் சில மாதங்களிலேயே ஹாக்னி தொகுதியில் நின்று வென்றார். அந்தத் தேர்தல் செலவுக்கு இந்தியாவில் நிதி திரட்டி அனுப்பினார்கள். ஓட்டில்லாத நாடு, கப்பலில் காசு அனுப்பி, ஓட்டிருக்கும் நாட்டில் தன் ஆளை ஜெயிக்க வைத்தது! நம்மிடம் ஓட்டும் இருக்கிறது. என்ன செய்கிறோம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அடுத்து வந்தது பெரும் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சம். இலட்சக்கணக்கில் செத்தார்கள். அதற்குப் பிறகு அரசாங்கம் சொன்னது: இனிப் பஞ்சம் வந்தால் சமாளிக்க ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்கப் போகிறோம், அதற்குப் புது வரி வேண்டும். எதன் மீது வரி? 1878-இல் வணிகர்கள் மீது லைசென்ஸ் வரி போட்டார்கள். சின்னக் கடைக்காரனும் கைவினைஞனும் கட்ட வேண்டும். சூரத்தில் கடையடைப்பும் கலவரமும் நடந்தன. சென்னை மாகாணத்தில் உப்பு வரியும் மணங்குக்கு இரண்டரை ரூபாயாக ஏறியது. பஞ்சத்தில் பிழைத்தவனின் கஞ்சிக்குப் போடும் உப்பு!

அந்த ஆண்டு இறுதியில் வைஸ்ராய் லிட்டன் ஆப்கானிஸ்தான் மீது படை அனுப்பினார். பஞ்சத்துக்கென்று சொல்லி வாங்கிய வரி எங்கே போனது? போர்ச் செலவின் நெருக்கடியில் பஞ்ச நிதி ஒதுக்கீடு நின்றுபோனது. வரி மட்டும் நிற்கவில்லை. 1878 டிசம்பரில் ஃபாசெட் சபையில் எதிர்ப்புத் திருத்தம் கொண்டு வந்தார். இந்தப் போர் இங்கிலாந்தின் ருஷ்யப் பயத்தால் வந்தது. இதன் செலவை இந்தியாவின் வருவாயில் ஏற்றக் கூடாது என்றார். ஓட்டெடுப்பில் தோற்றார். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே ஓட்டுக்கு விட்டார். ஓட்டுக்கு விட்டால்தான் யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று ஏட்டில் ஏறும். 1880-இல் ஆட்சி மாறி கிளாட்ஸ்டன் வந்ததும், அந்தப் போர்ச் செலவில் ஐம்பது இலட்சம் பவுனை இங்கிலாந்துக் கஜானாவே ஏற்றுக்கொண்டது. முழுச் செலவில் அது சிறு பங்குதான். ஆனாலும் வாங்கிய கை திருப்பிக் கொடுத்த அபூர்வ சம்பவம் அது.

அதே ஆட்சியில் ஃபாசெட் தபால் இலாகாவின் தலைவரானார். இங்கிலாந்தில் பார்சல் தபால் 1883-இல் வந்தது அவர் காலத்தில்தான். 1884 நவம்பரில், ஐம்பத்தொரு வயதில் இறந்தார்.

இவரையும் எல்லை கடந்து புகழ வேண்டாம். இந்தியா விடுதலை பெற வேண்டும் என்று அவர் பேசவில்லை. ஆங்கிலேய ஆட்சி நியாயமாக நடக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். அடிமை வீட்டில் எஜமானனின் நியாயம் எவ்வளவு தூரம் போகும்? அவர் எழுப்பிய கேள்வியை அவரைவிட வெகு தூரம் கொண்டுபோனவர்கள் நம்மவர்கள்தான். நவுரோஜி 1892-இல் லண்டனின் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில், ஐந்தே ஓட்டு வித்தியாசத்தில் வென்று அதே சபைக்குள் நுழைந்தார். 1895-இல் இந்தியச் செலவுகளை ஆராய வெல்பி கமிஷன் அமைந்தபோது அவரும் அதில் ஓர் உறுப்பினர். 1897-இல் அந்தக் கமிஷனின் முன் சாட்சி சொல்லச் சென்னையிலிருந்து போனவர் திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய அய்யர், 'சுதேசமித்திரன்' ஆசிரியர். கோகலேயும் வாச்சாவும் சுரேந்திரநாத் பானர்ஜியும் அதே ஆண்டு போனார்கள். சீமோர் வந்து கேட்டுவிட்டுப் போன காலம் மாறி, நாமே போய்ச் சொன்ன காலம் அது.

இப்போது நெய்வேலிக்கு வருகிறேன்.

1956-இல் தொடங்கிய இந்த நிறுவனம் மத்திய அரசின் நிறுவனம். 2016 முதல் என்.எல்.சி. இந்தியா என்று பெயர். இது நிலக்கரித் துறை அமைச்சரின் பொறுப்பில் வருகிறது. ஆகவே இதைப் பற்றிப் பாராளுமன்றத்தில் கேள்வி கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும். பொதுத் துறை நிறுவனங்களின் கணக்கைப் பார்க்க 1964 முதல் பாராளுமன்றக் குழுவே இருக்கிறது. ஃபாசெட் பேசிய காலி பெஞ்சு நிலைமை இல்லை இது. இது நம் பணம், நம் ஓட்டுப் போட்ட பணம்.

ஆனால் உறுப்பினர் எதைக் கேட்பார்? நாம் எடுத்துக் கொடுப்பதைத்தான் கேட்பார். "நெய்வேலியில் அநியாயம் நடக்கிறது" என்று கேட்டால், "அப்படி ஒன்றும் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும். 1854-இல் வந்ததே, அதே பதில். நிலம் கொடுத்த குடும்பங்கள் இத்தனை, அதில் இன்ன ஆண்டு வரை வேலை பெற்றவர்கள் எத்தனை, ஒப்பந்தத் தொழிலாளர்களாகவே எத்தனை ஆண்டு எத்தனை பேர், நகரியத்துக் கடைகளின் வாடகையும் குத்தகையும் எந்த விதிப்படி உயர்கிறது என்று கேட்டால் பதிலும் எண்ணாக வந்தாக வேண்டும். லோக் சபையில் கேள்விக்குப் பதினைந்து முழு நாட்கள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வாய்மொழிப் பதில் வேண்டுமானால் நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகக் கேட்க வேண்டும். அப்போதுதான் மேலும் துருவித் துணைக் கேள்வி கேட்க முடியும். அதற்கு முன் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் பத்து ரூபாய் கட்டி விண்ணப்பம் போட்டு, கிடைத்த காகிதத்தை வைத்துக்கொண்டு கேள்வியைக் கூர்மையாக்கலாம்.

பட்டதாரி இளைஞர்களே, அந்த விண்ணப்பங்களை எழுதும் வேலை உங்களுடையது. வணிகப் பெருமக்களே, கணக்கு எழுதிப் பழகிய கை உங்களுடையது. வந்த பதிலில் எந்த எண் எந்த எண்ணோடு பொருந்தவில்லை என்று உங்களுக்குத்தான் முதலில் கண்ணில் படும். நிலம் கொடுத்தவர்கள் பட்டா நகல், கையகப்படுத்திய அறிவிப்பு, இழப்பீடு வாங்கிய ரசீது மூன்றையும் தேடி எடுத்து வையுங்கள். இந்தக் குறை முஸ்லிம் வீட்டுக் குறை மட்டும் அல்ல. பக்கத்து ஊர்களில் நிலம் போனவர்களில் பெரும்பாலோர் மற்றச் சமுதாயத்தார். அவர்கள் வீட்டுக்கும் நம் பிள்ளைகள் போக வேண்டும். காகிதம் இல்லாதவர்களிடம் வாக்குமூலம் எழுதி வாங்குங்கள். தேதி போட்டு, ஊர் பெயர் போட்டு, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதத் தெரியாதவர்கள் ரேகை வைக்கட்டும். 1,440 கடிதங்கள் வந்தன என்றேனே, அந்தக் காலத்தில் அத்தனை பேருக்கும் எழுதத் தெரிந்தா இருந்தது? யாரோ உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.